சிப்பிக்கு எலியின் பெயர்

வாசகர் கடிதம்: மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். கடற்கரைப் பாறைகளில் ஒட்டி வாழும் ஒரு வகைச் சிப்பியைக் குறிக்கும் 'மஸல்' (mussel) என்ற சொல் பாடத்தில் வந்தது. தசையைக் குறிக்கும் 'மஸல்' (muscle) என்ற சொல்லுக்கும் அதே ஒலிதான். சிப்பிக்குள் இருப்பதெல்லாம் தசையே என்பதால், தசையின் பெயர்தான் எழுத்து மாறிச் சிப்பிக்கு வந்தது என்று விளக்கினேன். ஒரு மாணவன் எழுந்து, "இரண்டுமே எலியிலிருந்து வந்தவை, டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் அவனை உட்காரச் சொல்லிவிட்டேன். இப்போது மனம் உறுத்துகிறது. யார் சொன்னது சரி? இரண்டு எழுத்துக்கூட்டல்களையும் மாணவர்கள் குழப்பிக்கொள்ளாமலிருக்க வழி உண்டா? பாடக் குறிப்பில் தமிழில் என்ன எழுதுவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

மாணவன் சொன்னதுதான் சரி. நீங்கள் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. இரண்டு சொற்களும் உறவு என்று உங்கள் காது கண்டுபிடித்தது சரியே, உறவுமுறையில்தான் பிழை. தசையைத் தாயாகவும் சிப்பியை மகளாகவும் ஆக்கிவிட்டீர்கள். உண்மையில் அவை ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தாய், எலி.

லத்தீன் மொழியில் எலிக்கு 'மூஸ்' என்று பெயர். சின்னஞ்சிறு எலி என்று சொல்ல, குறுமை காட்டும் விகுதி சேர்த்து 'மூஸ்குலுஸ்' என்றார்கள். இந்த ஒரே சொல் சுண்டெலியையும் குறித்தது, உடம்பின் தசையையும் குறித்தது, கடல் சிப்பியையும் குறித்தது. ஆங்கிலத்தின் இரண்டு மஸல்களும் இந்த மூஸ்குலுஸின் வாரிசுகள்.

தசை எப்படி எலியானது என்று மாணவர்கள் கேட்பார்கள். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முழங்கையை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். மேற்கையில் தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று திரண்டு எழும்பி, ஓடி, அடங்கும். அதைப் பார்த்தவர்களுக்குத் துணிக்குள் புகுந்த சுண்டெலி நினைவுக்கு வந்திருக்கிறது. இது ரோமானியர்களின் தனிக் கற்பனை அன்று. கிரேக்க மொழியிலும் எலி, தசை, சிப்பி மூன்றுக்கும் ஒரே சொல்தான். ரஷ்ய மொழியில் எலி 'மிஷ்', தசை 'மிஷ்த்ஸா'. பழைய ஆங்கிலத்திலும் எலியைக் குறிக்கும் 'மூஸ்' தசையையும் குறித்தது. லத்தீனில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மேற்கைத் தசைக்கு 'லகெர்துஸ்' என்றும் பெயர். பல்லி இனத்தைக் குறிக்கும் சொல்லும் அதுவே. ஒருவர் கண்ணுக்கு எலி, இன்னொருவர் கண்ணுக்குப் பல்லி.

சிப்பி எலியானதற்குச் சொல்லப்படும் காரணம் உருவமும் நிறமும். வட அட்லாண்டிக் கரைகளில் மிகுதியாகக் கிடைக்கும் மஸலின் அறிவியல் பெயர் 'மைட்டிலஸ் எடுலிஸ்'. அதன் ஓடு கருநீலம். நனைந்திருக்கும்போது ஏறக்குறைய கறுப்பு. ஒரு முனை கூம்பி மூக்குப்போல் இருக்கும், மறுமுனை அகன்று முதுகுபோல் வளைந்திருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. பாறையைப் பற்றிக்கொள்ள அது சுரக்கும் நார்க்கற்றை ஓட்டின் இடுக்கிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சமையற்காரர்கள் அந்த நாரைத் 'தாடி' என்கிறார்கள். என்னைக் கேட்டால் தாடியைவிட வால் பொருத்தம்.

இனி உங்கள் விளக்கம். அதை இரண்டு இடங்களில் சோதிக்கலாம். முதலாவது உயிரியல். மஸலுக்குள் இருப்பதெல்லாம் தசை அன்று. ஓட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய மடல், செவுள், குடல், இனப்பெருக்க உறுப்பு ஆகியவைதான் பெரும்பகுதி. ஓட்டை இறுக்கி மூடும் தசைகள் சிறியவை. வெறும் தசையாக உணவுத் தட்டுக்கு வருவது 'ஸ்கால்லப்' என்னும் வேறொரு சிப்பி. மேல்நாட்டு உணவகங்களில் வெள்ளை வட்டில்போல் பரிமாறுவது அதன் மூடுதசையைத்தான்.

இரண்டாவது சோதனை காலம். தீர்ப்புச் சொல்வது இதுதான். சிப்பியைக் குறிக்கும் மஸல் கி.பி. 1000ஐ ஒட்டியே ஆங்கிலத்தில் நிலைபெற்றிருந்தது. தசையைக் குறிக்கும் மஸல் ஆங்கிலத்துக்குள் வந்தது 14ஆம் நூற்றாண்டின் இறுதியில். முன்னூறு, நானூறு ஆண்டு பிந்தி வந்த சொல், ஏற்கெனவே இருந்த சொல்லைப் பெற்றிருக்க முடியாது.

இந்தக் காலக்கணக்குக்கான சான்றுகளில் ஒன்று உங்களுக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அதுவும் ஒரு பாடநூல்தான். ஆல்ஃப்ரிக் என்ற ஆங்கிலேயத் துறவி, மடத்தில் படிக்கும் சிறுவர்கள் லத்தீன் பேசிப் பழகுவதற்காக ஒரு கேள்வி-பதில் உரையாடல் எழுதினார். மாணவர்கள் உழவன், ஆட்டிடையன், வேட்டைக்காரன், மீனவன் என்று வேடம் போட்டுக்கொள்ள வேண்டும். ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் தொழிலைப் பற்றிக் கேட்பார். இலக்கணத்தை மனப்பாடம் செய்யவைப்பதைவிட நாடகம் நன்றாக வேலை செய்யும் என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அந்த உரையாடலின் கையெழுத்துப் படி ஒன்றில் லத்தீன் வரிகளுக்கு மேலே பழைய ஆங்கிலத்தில் பொருள் எழுதப்பட்டிருக்கிறது. இன்று நம் மாணவர்கள் ஆங்கிலப் பாடநூலின் வரிகளுக்கு மேலே பென்சிலால் தமிழ்ப் பொருள் எழுதிக்கொள்கிறார்களே, அதே வேலை.

கடலில் என்ன பிடிப்பாய் என்று ஆசிரியர் கேட்கிறார். மீனவன் அடுக்குகிறான்: ஹெர்ரிங், சால்மன், கடற்பன்றி, ஸ்டர்ஜன், ஆய்ஸ்டர், நண்டு... அதற்கடுத்து 'முஸ்லன்'. நம் மஸல்தான், பன்மையில். அதன் பின்னால் 'வினேவின்க்லன்' என்று ஒரு கடல் நத்தை வருகிறது. இன்றைய ஆங்கிலத்தில் 'விங்கிள்'. பட்டியலின் கடைசியில் 'லோபிஸ்ட்ரன்', அதாவது லாப்ஸ்டர். ஓட்டுக்குள் வாழும் உயிர்களின் பெயர்களில் எத்தனை எத்தனை ஆயிரம் ஆண்டு தேய்ந்தும் உருத்தெரிகின்றன! திமிங்கிலம் பிடிப்பாயா என்றும் ஆசிரியர் கேட்கிறார். மாட்டேன், அது ஆபத்து என்கிறான் மீனவன். அந்தத் திமிங்கிலத்துக்குப் பிறகு வருகிறேன்.

இதைவிடப் பழைய சான்று வேண்டுமென்றால் பீட் இருக்கிறார். வட இங்கிலாந்தின் ஜாரோ மடத்துத் துறவியான இவர் 731இல் முடித்த ஆங்கிலத் திருச்சபை வரலாற்றின் முதல் அத்தியாயத்திலேயே பிரிட்டனின் வளங்களைச் சொல்லும்போது மஸல்களைக் குறிப்பிடுகிறார். அவற்றுக்குள் சிவப்பு, ஊதா, பச்சை என்று எல்லா நிறத்திலும் முத்துகள் கிடைக்கின்றன, பெரும்பாலும் வெண்முத்துகள் என்கிறார். நூல் லத்தீன் என்பதால் இது ஆங்கிலச் சொல்லுக்கு நேரடிச் சான்று ஆகாது. ஆனால் அவர் எழுதும் வடிவத்தைப் பாருங்கள்: 'மூஸ்குலுஸ்' அல்ல, பெண்பால் வடிவமான 'மூஸ்குலா'. ஆங்கிலத்தின் 'மஸல்', ஜெர்மன் மொழியின் 'முஷெல்', டச்சு மொழியின் 'மாஸல்' ஆகிய எல்லாம் பேச்சு வழக்கில் இருந்த இந்தப் பெண்பால் வடிவத்திலிருந்து கிளைத்தவை. பிரெஞ்சுக்காரர்களின் 'மூல்' என்ற சிப்பிப் பெயரும் இதே மூஸ்குலுஸ் தேய்ந்து உருவானதுதான்.

ஆக எலி ஆங்கிலத்துக்கு மூன்று முறை வந்திருக்கிறது. 'மவுஸ்' என்பது இரவல் சொல் அன்று. ஆங்கிலம் தன் மூதாதை மொழியிலிருந்தே கொண்டுவந்தது. சிப்பி மஸல், ஜெர்மானிய மக்கள் லத்தீன் பேசுவோருடன் பழகிய பழங்காலத்தில் வாங்கியது. தசை மஸல், நூல்களும் மருத்துவமும் பிரெஞ்சு வழியாகவும் லத்தீன் வழியாகவும் வந்து குவிந்த காலத்தில் சேர்ந்தது.

அப்படியானால் 'மவுஸ்' என்ற ஒலியும் 'மஸல்' என்ற ஒலியும் ஏன் இவ்வளவு விலகி நிற்கின்றன? பழைய ஆங்கிலத்தில் எலி 'மூஸ்' என்றே ஒலித்தது. ஏறக்குறைய 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் எல்லாம் இடம்பெயர்ந்தன. 'ஹூஸ்' என்ற வீடு 'ஹவுஸ்' ஆயிற்று, 'லூஸ்' என்ற பேன் 'லவுஸ்' ஆயிற்று, மூஸும் மவுஸ் ஆயிற்று. மஸலில் உயிருக்குப் பின்னால் மெய்கள் நெருக்கியடித்து நின்றதால் அங்கே உயிர் முன்பே குறுகிவிட்டது. குறில் வேறு வழியில் போயிற்று. ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திட்டாத மாணவன் இல்லை. அந்தத் திட்டில் பாதி இந்த ஒலிமாற்றத்துக்குச் சேர வேண்டியது.

எழுத்துக்கூட்டல் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில் மாணவர்களுக்கு ஓர் ஆறுதல். ஆங்கிலேயர்களே இதைப் பல நூற்றாண்டு குழப்பித்தான் எழுதினார்கள். சிப்பிக்கு இரட்டை 'எஸ்' போட்டு எழுதும் வழக்கம் 1600ஐ ஒட்டித் தலைகாட்டியது. ஆனாலும் 19ஆம் நூற்றாண்டு வரை சிப்பியைத் தசைபோலவே எழுதியவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டென்னசி ஆற்றங்கரையில் 'மஸல் ஷோல்ஸ்' என்று ஓர் ஊர். தசை மஸலின் எழுத்துகள்தான் அதன் பெயரில் இருக்கின்றன. ஆற்றின் ஆழமற்ற பகுதிகளில் கிடந்த சிப்பிகளால் வந்த பெயர் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கு அருகே எஸ்க் ஆறு கடலில் சேருமிடத்தில் இருக்கும் 'மஸல்பரோ' இந்தக் குழப்பத்தில் சிக்கவில்லை. சிப்பிப் படுகையால் பெயர் பெற்ற ஊர், இரட்டை 'எஸ்' போட்டே எழுதுகிறார்கள்.

குழப்பம் தீர ஒரே வழி போதும். தசை மஸலில் ஊமையாக இருக்கும் 'சி' எழுத்து, 'மஸ்குலர்' என்ற உரிச்சொல்லில் வாய் திறந்து 'க்' என்று ஒலிக்கிறது. மஸ்குலர் என்று சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால் அந்த 'சி' விட்டுப்போகாது. சிப்பிக்கு அப்படி ஓர் உரிச்சொல் இல்லை. ஆகவே அங்கே 'சி'க்கு வேலையும் இல்லை. சிப்பியின் இரண்டு ஓடுகளுக்கு இரண்டு 'எஸ்' என்றும் சிலர் சொல்லித் தருகிறார்கள். எனக்கு இத்தகைய சூத்திரங்களில் பிடிப்பு இல்லை. தேர்வறையில் சூத்திரம் நினைவிருக்கும், எதற்கான சூத்திரம் என்பது மறந்துபோகும்.

திமிங்கிலத்துக்கு வருவதாகச் சொன்னேன். ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட நூல் பதிப்பில் வீட்டு எலிக்கு 'முஸ் முஸ்குலுஸ்' என்று பெயர் வைத்தார். அதே பதிப்பில் நீலத் திமிங்கிலத்துக்கும் 'முஸ்குலுஸ்' என்று பெயர் கொடுத்தார். முப்பது மீட்டர் வரை வளரக்கூடிய, உலகின் மிகப் பெரிய விலங்குக்குச் சுண்டெலி என்று பெயர்! தசை வலிமையை நினைத்து வைத்தார் என்பார்கள் சிலர், குறும்பு என்பார்கள் சிலர். குறும்பாக இருக்கட்டும் என்றே எனக்கு ஆசை. ரோமானியப் படையினரும் இந்தச் சொல்லை விடவில்லை. கி.மு. 49இல் மஸிலியாவை, அதாவது இன்றைய மார்செய் நகரை, சீசரின் படை முற்றுகையிட்டபோது, கோட்டைச் சுவர்வரை வீரர்கள் பாதுகாப்பாக நகர்ந்து செல்ல அறுபது அடி நீளத்தில் கூரை வேய்ந்த கொட்டகை ஒன்றைச் செய்தது. அதன் பெயரும் மூஸ்குலுஸ். சுவரடியில் பதுங்கிப் பதுங்கிப் போய்க் கல்லைப் பெயர்க்கிற கருவிக்கு எலி என்ற பெயர் மிகையில்லை.

வகுப்பில் இதைச் சொன்னால், உற்சாகத்தில் மாணவர்கள் 'மஸ்' என்று தொடங்கும் எல்லாவற்றையும் எலி வளைக்குள் தள்ளப் பார்ப்பார்கள். அதற்குத் தயாராக இருங்கள். 'மஸ்கட்' துப்பாக்கி எலி அன்று. அது லத்தீனில் ஈயைக் குறிக்கும் 'முஸ்கா' வழி வந்தது, கொசுவைக் குறிக்கும் 'மொஸ்கிட்டோ'வுக்கு உறவு. சிப்பி, நத்தை முதலியவற்றின் இனப்பெயரான 'மொலஸ்க்' என்பதும் எலி அன்று; மென்மையைக் குறிக்கும் 'மொல்லிஸ்' அதன் வேர். உயிரியல் படிப்பவர்கள் 'மயோகார்டியம்' என்ற இதயத் தசையைக் காட்டினால் ஒப்புக்கொள்ளுங்கள், அந்த 'மயோ' கிரேக்க எலிதான். உடனே ஒருவர் 'மயோப்பியா' என்ற கிட்டப்பார்வையையும் கொண்டுவருவார். அது வேறு: கண்ணை இடுக்குவதை, மூடுவதைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. கஸ்தூரியைக் குறிக்கும் 'மஸ்க்' பெரும்பாலும் உறவுக்காரர்தான். சமஸ்கிருத 'முஷ்க' என்பதிலிருந்து பாரசீகம், கிரேக்கம், லத்தீன் என்று நடந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். முஷ்க என்றால் விரை. சின்ன எலி போன்றது என்ற அதே உவமை. இந்தக் கடைசித் தகவலை வகுப்பில் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் துணிவைப் பொறுத்தது.

சமஸ்கிருதம் என்றதும் நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டோம். எலிக்கு அங்கே 'மூஷ்', 'மூஷிக'. லத்தீன் மூஸ், கிரேக்க மூஸ், பழைய ஆங்கில மூஸ், பாரசீக 'மூஷ்' எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள். நாம் இரவல் வாங்கிப் புழங்கும் மூஷிகமும் ஆங்கிலேயரின் சிப்பியும் தொலைதூரச் சொந்தம் என்று சொன்னால் உங்கள் வகுப்பு மறுபடி சிரிக்கும். சிரிக்கட்டும். கூடவே 'காங்க்' என்ற ஆங்கிலச் சங்குப் பெயரையும் கரும்பலகையில் எழுதுங்கள். அது கிரேக்க 'கோங்கே'யிலிருந்து வந்தது. சமஸ்கிருத 'சங்க' அதற்கு உடன்பிறப்பு. நம் சங்கு எங்கே சேர்கிறது என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

இனிமேல் இப்படி ஒரு சந்தேகம் வந்தால் என்ன செய்வது? சொற்பிறப்பு தரும் நல்ல ஆங்கில அகராதி ஒன்றை எடுத்து, பொருளைப் பார்ப்பதற்கு முன் ஆண்டைப் பாருங்கள். எந்தச் சொல் எப்போது முதலில் எழுத்தில் பதிவானது என்று தெரிந்தாலே பாதிக் கதைகள் உதிர்ந்துவிடும். பிறகு அண்டை மொழிகளில் அதே சொல் எந்த உருவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சிப்பிக்கு ஜெர்மனில் 'முஷெல்', தசைக்கு 'முஸ்கெல்' என்று இரண்டும் தனித்தனியே இருப்பதைக் கண்டிருந்தால், ஒன்று மற்றொன்றின் எழுத்துப் பிழையாக இருக்க முடியாது என்று உங்களுக்கே தோன்றியிருக்கும். கேட்டவுடன் "அட, ஆமாம்!" என்று சொல்லவைக்கும் விளக்கங்களிடம் நான் எப்போதும் கூடுதலாகவே சந்தேகப்படுவேன். தசையும் சிப்பியும் பற்றிய உங்கள் விளக்கம் அப்படி அழகாக இருந்தது. மாணவன் சொன்ன எலி அபத்தமாக ஒலித்தது.

பாடக் குறிப்பில் 'சிப்பி' என்று எழுதினால் போதும். ஆனால் பாடத்தின் அதே பத்தியில் 'ஆய்ஸ்டர்', 'க்ளாம்' ஆகியவையும் வந்தால் எல்லாவற்றுக்கும் சிப்பி என்று எழுதி வைக்காதீர்கள். மூன்றும் வெவ்வேறு உயிர்கள். அப்போது 'மஸல் என்னும் கருநீல ஓட்டுச் சிப்பி' என்று ஒருமுறை விரித்து எழுதிவிட்டு, அதன் பிறகு மஸல் என்றே தொடரலாம். பொது அகராதிகள் சிலவற்றில் இவை அனைத்துக்கும் நேராகக் கிளிஞ்சல் என்றிருக்கும். அதைப் பின்பற்றாதீர்கள். கிளிஞ்சல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கரையில் ஒதுங்கிய வெறும் ஓடு, உயிருள்ள பிராணி அன்று.

அந்த மாணவனிடம் தனியாகச் சொல்லாதீர்கள். உட்காரச் சொன்னது வகுப்பின் முன்னால். ஆகவே எழுந்து நின்று விளக்கச் சொல்வதும் வகுப்பின் முன்னால் நடக்கட்டும். எங்கே படித்தான் என்றும் கேளுங்கள். அடுத்த பாடத்தில் 'லாப்ஸ்டர்' வருமானால், அதன் பூர்வீகத்தைத் தேடிவரும் வேலையை அவனிடமே கொடுக்கலாம். அங்கே எலிக்குப் பதிலாக ஒரு வெட்டுக்கிளி காத்திருக்கிறது.